நன்மை எடுக்காத அனஸ்ரேசியா

ஒஸ்லோவின் அம்மருட் மாடிக்குடியிருப்பில் அனஸ்ரேசியாவைத் தெரியாத தமிழர் இல்லை. மன்னாரில் பிறந்தவள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. குடித்துவிட்டுக் கை நீட்டிய புருஷனை ஒஸ்லோ வந்து ஆறாம் வருஷம் விவாகரத்துச் செய்தாள். மறுபடி கட்டவில்லை. மகள் கரோலினாவை ஒற்றை ஆளாக வளர்த்தாள்.

அப்போது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தவன் நான். திருச்சபைச் சட்டமெல்லாம் விரல் நுனியில் என்ற நினைப்பு. ஒரு ஞாயிறு கோயில் வாசலில் வைத்துக் கேட்டாள்.

"அண்ணை, நான் இனி நன்மை எடுக்கலாமோ?"

"விவாகரத்து எடுத்தனீர்தானே. ஏலாது," என்றேன். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நற்கருணை அப்பத்தை நாங்கள் நன்மை என்றுதான் சொல்லுவோம். பத்தொன்பது வருஷம் அவள் அதை எடுக்கவில்லை. பூசையில் வரிசை நகரும்போது முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழி விடுவாள். கரோலினா முதன்முதல் நன்மை எடுக்கும் புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டையைத் தானே தைத்தாள். பிள்ளை நன்மை எடுத்தபோது கடைசி வாங்கில் இருந்தாள். ஒழுக்கமான பெண் என்று நான் மனதுக்குள் மெச்சினேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம்போல் இருக்கிறது.

போன மாசியில் ஈரலில் புற்றுநோய் என்றார்கள். இனி வாரக் கணக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு நோர்வேஜியப் பாதிரியார் வந்தார். வேலைக்குப் போதுமான நோர்வேஜிய மொழி அவளிடம் இருந்தது. மனதைச் சொல்ல அது காணாது. கரோலினாவின் தமிழும் காணாது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"சாக முதல் ஒருக்கா நன்மை எடுக்க விடுவினமோ எண்டு கேளுங்கோ அண்ணை."

கேட்டேன். மறுமணம் செய்தாளா, வேறு யாரோடும் வாழ்ந்தாளா என்று பாதிரியார் விசாரித்தார். இல்லை, இல்லை. அவர் குழம்பிப்போனார். விவாகரத்து மட்டும் என்றால் அது தடையே இல்லை, இத்தனை வருஷமும் எடுத்திருக்கலாமே என்றார். அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

அவள் அழவில்லை.

"அப்ப பிள்ளையின்ரை புதுநன்மைக்கும் எடுத்திருக்கலாம்," என்றாள்.

"உங்களுக்கு இப்படிச் சொன்னது யார்?" பாதிரியாரின் குரலில் கோபம் இருந்தது. அந்தக் கேள்வியையும் நான்தான் அவளிடம் கேட்கவேண்டியிருந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஆரோ சொன்னவை. பேர் ஞாபகமில்லையெண்டு சொல்லுங்கோ அண்ணை."

அப்படியே மொழிபெயர்த்தேன். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அவளுக்கு நன்மை கொடுத்துவிட்டுப் பாதிரியார் எனக்கும் கொடுக்க என் பக்கம் திரும்பினார். நான் முழங்காலை ஒதுக்கி அவருக்கு வழி விட்டேன்.