லூர்துமேரி அழாத வீடு

ஊரூர் குப்பத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு முதல் குரல் மீன்காரி லூர்துமேரியுடையதுதான். இந்து வீடு, கிறிஸ்தவ வேதக்கார வீடு என்று பார்க்க மாட்டாள். அவள் வாயெடுத்த பிறகுதான் மற்றப் பெண்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாக உட்காருவார்கள்.

அப்படிப்பட்டவள் சொந்தப் புருஷனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை! 1930ஆம் வருஷத்து ஐப்பசிப் புயலில் புருஷன் மிக்கேலும் அவன் கூட்டாளி அங்கமுத்துவும் ஒரே கட்டுமரத்தில் போனார்கள். அங்கமுத்து மட்டும் கரையேறினான், தோளில் வலையோடு. மிக்கேலின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அழ வந்த பெண்களை லூர்துமேரி வாசலோடு விரட்டினாள்.

"பொணம் எங்கடி கீது, அழறதுக்கு? வலையக் கொண்டாரத் தெரிஞ்சவனுக்கு ஆளக் கொண்டாரத் தெரில. அவன் வூட்ல ஒரு சாவு விழட்டும், அப்பால அழுவேன்."

சாந்தோம் மாதா கோயிலில் மிக்கேலின் ஆத்துமாவுக்குப் பூசை வைக்கவும் அவள் ஒப்பவில்லை. அங்கமுத்து எதிரே வந்தால் மண்ணை வாரித் தூற்றுவாள். அந்த வன்மத்தைச் சோறு போட்டு வளர்த்தாள் என்றுதான் சொல்லவேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து அங்கமுத்துவின் ஒரே மகள் விஷக்காய்ச்சலில் செத்தாள். லூர்துமேரி போகவில்லை. அவள் போகாததால் மற்றப் பெண்களும் வாயைத் திறக்கவில்லை. சாவு வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அனுபவிக்கட்டும்! அதைப் பார்ப்பதற்கென்றே மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்து வழியாகப் போனாள். பொய் சொல்வானேன், அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

அங்கமுத்துவின் மனைவி பச்சையம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள்.

"யக்கா, எனுக்கு அழுகையே வரல. நெஞ்சு அடைச்சிக்கினு கீது. உள்ள வா. என் புருசனத் திட்டியாவது வாயத் தெற."

திட்டக் கூப்பிட்டால் கசக்குமா? கூடையை இறக்கிவிட்டுப் பிணத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வலையைக் காப்பாற்றிய பாவிக்கு மகளைக் காப்பாற்ற முடியலியே என்று ராகம் போட்டு ஆரம்பித்தாள். அங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டான். பாதியில் 'மிக்கேலு' என்ற பெயர் வாயில் வந்தது. அதோடு குரல் உடைந்தது. "என் ராசா, உன்னக் கடலுக்குக் குடுத்துட்டேனே" என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். பச்சையம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் பெற்றவளுக்கும் அழுகை பீறிட்டது. பெண்களெல்லாம் வந்து இரண்டு சாவுக்கும் சேர்த்து அழுதார்கள்.

பிணம் எடுத்த பிறகு அங்கமுத்து கைகூப்பிக்கொண்டு எதிரே வந்தான்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத," என்றாள் லூர்துமேரி. "உன் பொண்டாட்டிகூட கருமாதி வரைக்கும் இருப்பேன். அவளுக்கு எப்ப அழுகை வந்தாலும் நான் வருவேன். ஆனா நீ செத்தா இந்த வாயி தொறக்காது."

சொல்லிவிட்டு, பச்சையம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சத் தன் வீட்டுக்கு நடந்தாள்.