ஒரே வெட்டுக்காரரின் பயணத் திட்டம்

மாட்டுத் தொடை எலும்பை ஒரே வீச்சில் இரண்டாக்குவார் என்பதால் சந்தையில் அவருக்கு 'ஒரே வெட்டு' என்று பெயர். வயது ஐம்பத்தாறு. முன்கையில் மாடு முட்டிய தழும்பு ஒன்று. விரல் முட்டிகளில் இருப்பவை மனிதப் பற்கள் கிழித்த தழும்புகள். மாட்டைவிட மனிதர்களோடுதான் அவருக்கு அதிகம் தகராறு.

மகள் கட்டிக்கொண்டவன் மழைக்காட்டுக்குள், ஆற்றின் மேல்முனையில் உள்ள ஒரு குடியிருப்பைச் சேர்ந்தவன். கல்யாணம் பேச வந்த அன்று அவன் தாடையை உடைத்தார். குறுக்கே விழுந்த மகளுக்கும் ஓர் அறை. அன்று போனவள்தான். நான்கு வருடம் கழித்து ஒரு புகைப்படம் வந்தது: பேத்தி.

"போகணும்" என்றார்.

கறி சுற்றும் காகிதத்தில் வழியை வரைந்தார். விமானம், இரண்டு நாள் லாரி, மூன்று நாள் படகு. மழை பிடித்துவிட்டால் ஆறு யாரையும் விடாது. ஐந்து வாரம்தான் அவகாசம். தடுப்பூசி போட்ட நர்ஸிடம், "இதெல்லாம் ஒரு ஊசியா?" என்று கேட்டுவிட்டு வாசலில் மயங்கி விழுந்தார். தூக்கிவிட வந்தவரை, கண் திறந்ததும் எட்டி உதைத்தார்.

பயண அலுவலகப் பெண்தான் அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அங்க சீட்டு, முத்திரை எல்லாம் கிடையாதுங்க. வாய் வார்த்தைதான். வர்றவரோட ஒரே வீட்டுல குடியிருக்கிற ஒருத்தர் படகுக்காரர்கிட்ட பேசணும். 'இவர் கை ஓங்குவாரா'ன்னு கேப்பாரு. மாட்டாருன்னு சொன்னா படகுல இடம். அங்க போய் அடிச்சுட்டா, கூப்பிட்ட வீட்டையே காட்டை விட்டு வெளியே அனுப்பிடுவாங்க."

"அவ்வளவுதானே? இவ சொல்லுவா" என்று பக்கத்தில் இருந்த மனைவியைக் காட்டினார். இருபத்தெட்டு வருடமாகக் கடையில் தராசுப் பக்கம் நிற்பவள். அவள் தலையாட்டவில்லை. அவர் அதைப் பார்க்கவும் இல்லை.

படகுக்காரர் பேசுவதாகச் சொன்ன நாள், கடையில் நல்ல கூட்டம். மனைவியின் தம்பி, எதிர்த் தெருவில் குடியிருப்பவன், வந்து நின்றான்.

"மாமா, மாப்பிள்ளை கால்ல விழணும்ல, இப்பவே குனிஞ்சு பழகிக்குங்க. திடீர்னு குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும்."

கூட்டம் சிரித்தது. கறி தொங்கும் கொக்கி பறந்து வந்து அவன் புருவத்தைப் பிளந்தது. அவர் மேடையைத் தாண்டிக் குதித்தார். தலைமுடியைப் பிடித்து, வெட்டுக்கட்டையில் அவன் முகத்தை இரண்டு தடவை மோதினார். மூக்கு உடையும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விலக்க வந்தவரின் கண்ணாடி நொறுங்கி, சில்லு கன்னத்தில் ஏறியது.

"பேத்திய பாக்கப் போறவனைப் பாத்தா நக்கலாடா உனக்கு?"

போன் அடித்தது. மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். படகுக்காரர் கேட்டதை மகளே எடுத்துச் சொன்னாள். பின்னால் குழந்தையின் மழலை.

"அம்மா, அப்பா இப்பவும் கை ஓங்குவாரான்னு கேக்கறாரு. யோசிச்சு சொல்லும்மா. எங்க வீட்டுக்காகத்தான் கேக்கறாரு."

"மாட்டாருன்னு சொல்லுடி" என்று பல்லைக் கடித்தார்.

மனைவி தரையில் கிடந்த தம்பியைப் பார்த்தாள்.

"ஓங்குவாரும்மா. அஞ்சு நிமிஷம்கூட ஆகல, உன் மாமன் மூஞ்சிய உடைச்சுட்டாரு."

அவர் அவளை நோக்கிக் கையை ஓங்கினார். நான்கு பேர் பாய்ந்து பிடித்து அவரைச் சுவரோடு அழுத்தினார்கள். ஒருவரைக் கடித்தார். மனைவி ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை.

"நான் மட்டும் வரலாமா கேளு."

மகள் படகுக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "வரலாமாம். ஆனா உனக்கும் யாராவது சொல்லணும்மா. உன் வீட்டுல இருக்கிறவங்க."

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். கடை முழுவதும் சுவர்ப் பக்கம் திரும்பியது. மனைவி போனை அவர் வாயருகே நீட்டினாள்.

அவர் மூச்சு வாங்கினார். உதட்டில் அடுத்தவர் ரத்தம். போனுக்குள் குழந்தை எதையோ தட்டித் தட்டிச் சிரித்தது.

"இவ ஓங்க மாட்டா" என்றார். "நான் அடிச்சப்பகூட ஓங்கினதில்ல."

மகள் அதைப் படகுக்காரரிடம் சொல்வது கேட்டது. ஓர் இடம் உறுதியானது.

"விடுங்கடா கையை" என்றார்.

யாரும் விடவில்லை.