குறட்டைக்கு ஒரு சாட்சி

ஓய்வு பெற்றுக் கடலூரில் குடியேறிய 2012இல், நீதிமன்றத்தில் நடக்கும் ஒரு மர்ம நாவல் வரிசையை விடாமல் படித்தேன். இந்தி எதிர்ப்புப் போராட்ட வழக்குகளைக் கற்பனையோடு பிணைத்த கதைகள். சாட்சிகளைக் குறுக்கு விசாரணையில் மடக்கும் இடங்களை ரசித்துப் படிப்பேன். மூன்றாம் பாகத்தில் ஒரு மாணவன், போலீஸ் வருமுன்பே துண்டையும் சோப்பையும் பையில் எடுத்து வைத்துக் காத்திருக்கிறான், சிறைக்குப் போக. அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. அந்தப் பையை நான் பார்த்திருக்கிறேன்.

அறுபத்தைந்தில் எனக்குப் பதினொரு வயது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தார் மாமா, அம்மாவின் தம்பி. ஒருநாள் காலையில் ரயில் நிலையப் பலகையின் இந்தி எழுத்துகள்மேல் தார் பூசியிருந்தது. மாமாவின் நகக்கண்ணிலும் தார். கதவுக்குப் பின்னால் அவர் பை: துண்டு, சோப்பு, மாற்றுச் சட்டை. வீட்டைவிட்டு ஓடப்போகிறார் என்று நினைத்துவிட்டேன்.

ஏட்டு வந்தார். அப்பாவுக்குத் தெரிந்தவர், நகத்தைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை.

“ராத்திரி எங்கப்பா இருந்த?”

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “எங்கூடத்தான் சார் படுத்திருந்தாரு. விடிய விடிய ஒரே குறட்ட. எனக்குத் தூக்கமே வரல.”

ஏட்டு சிரித்துவிட்டார். “சின்னப் புள்ள பொய் சொல்லாது.”

“இல்ல சார், நான்…” என்று எழுந்த மாமாவின் தோளை அழுத்தி உட்காரவைத்தார் அப்பா.

மாமாவின் கூட்டாளிகள் மூவர் சிறைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது கடைத்தெருவில் அவர்களுக்கு மாலை. மாமாவோடு நானும் ஓரமாக நின்றேன். மாலைக்குள்ளிருந்து ஒருவர் கத்தினார்: “இன்னா மச்சான், நல்லாத் தூங்கினியா? உன் குறட்ட ஜெயில் வரைக்கும் கேட்டுச்சே!”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். என் பொய் ஊரெல்லாம் பரவியதில் பெருமை எனக்கு.

மாமா பிறகு குமாஸ்தாவானார். எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. தார் பூசியதாக யாரிடமும் சொன்னதுமில்லை. சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். அவருக்கு உரிய சிறையை நான் பிடுங்கிக்கொண்டேன். அந்த நாவல் என் கைக்கு வருமுன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கடைத்தெருவிலிருந்து திரும்பிய அன்று மாலைதான் அவர் அந்தப் பையைப் பிரித்தார். சட்டையைக் கொடியில் போட்டார். சோப்பைக் கிணற்றடி மாடத்தில் வைத்தார். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இனிமே எங்கயும் போவாதீங்க மாமா.”

“இனிமே எங்கடா போறது?” என்றார்.

அதை அவர் எனக்குக் கொடுத்த வாக்கு என்று நினைத்து, அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.