பருப்பு வெந்த வீடு

தென்காசியில் எங்கள் குடும்பத்துக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயசு. இரண்டாம் வகுப்பை இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். பாடம் நன்றாக ஊறட்டும் என்று வாத்தியாரே நிறுத்தி வைத்திருந்தார்.

எங்கள் ஊர் திருவேங்கடம் பக்கம். மழை வந்தால் விருந்தாளி வந்த மாதிரி எல்லோரும் வாசலுக்கு ஓடுவோம். கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால், காலையில் போட்டது சாயங்காலமும் முழித்துக்கொண்டு கிடக்கும். பெரியம்மா ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போட்டுத்தான் அதன் கண்ணை மூட வைப்பாள்.

அப்பா தென்காசியில் ஒரு மர அறுவை மில்லில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. மில்லிலேயே மரத்தூளின் மேல் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டில் இருந்தோம். அங்கே பதினோரு பேருக்கு அம்மா சமைப்பாள். எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிடுவாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க எங்களை அப்பா வரச் சொன்னார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கே முடிச்சிரணும். சாரல் விழுந்துட்டா, குத்தாலத்துல குளிக்க வாரவன் பூராவும் இங்கன வீட்டப் பிடிச்சிருவான். பள்ளிக்கூடமும் தொறந்துரும். இன்னைக்கு அமையலன்னா நீங்க ரெண்டு பேரும் இன்னும் ஒரு வருசம் அண்ணன் வீட்டுலதான், பாத்துக்கோ."

அம்மா முந்தியில் முடிந்து வைத்திருந்த பருப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அப்பாவைப் பிரிந்து நான் ஏங்கினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். எனக்கு வேண்டியிருந்தது அருவியும் பலாச்சுளையும்.

ஊர் அப்போது ஊதிக்கொண்டே போயிற்று. மில்லுக்கும் பட்டறைக்கும் கடைக்கும் நாலு திசையிலிருந்தும் ஆள் வந்து இறங்க இறங்க, மாட்டுத் தொழுவத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வீடு என்றார்கள். ஓர் இடத்தில், "மாடு இப்ப எங்க குடியிருக்கு?" என்று நான் கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

மனுஷர் இருக்கத் தக்கதாக மூன்று வீடுகள் தேறின. மூன்றும் வீட்டுக்காரர்கள் முன்னால் இருந்துகொண்டு பின்கட்டை வாடகைக்கு விடுகிறவை. அம்மா சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. நேரே வீட்டுக்காரியிடம் போய், "ஒங்க கெணத்துத் தண்ணியில ஒரு கை பருப்பு வேக வச்சுப் பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏட்டி, இது திருவேங்கடம் இல்ல. இந்த ஊர்த் தண்ணியில கருங்கல்லப் போட்டாலும் வெந்துரும்."

"வெந்தா நல்லதுதான," என்றாள் அம்மா.

முதல் வீட்டு ஆச்சி அடுப்பைக் கொடுத்துவிட்டு அதற்குக் காவலும் இருந்தாள். "ஏம்மா, அந்தச் சுள்ளியே போதும். ஏட்டி பிள்ள, ஒரலத் தொடாத. வாளியத் தொடாத." நான் மூச்சு விட்டதையும் கணக்கில் வைத்திருப்பாள். ஒரு மணி நேரம் கழித்து அம்மா பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தாள். "வேகல ஆச்சி."

இரண்டாம் வீட்டுக்காரி வாயைத் திறந்தால் தேன். முன்பு குடியிருந்தவள் எப்படிக் குளிப்பாள், அவள் புருஷன் ஏன் திண்ணையில் படுத்தான், அவள் சங்கிலி தங்கமா பித்தளையா எல்லாவற்றையும் அந்தத் தேனில் தொட்டுத் தொட்டுக் கொடுத்தாள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல இடத்தில் அம்மா எழுந்துவிட்டாள். "வேகலக்கா."

தெருவில் அப்பா குதித்தார். "ஒனக்குப் பருப்புதான் பெருசா? அஞ்சு மணி பஸ்ஸுல ஏறி ஊருக்கே போங்க!"

என் கண் முன்னால் இருந்த பலாச்சுளை ஒவ்வொன்றாகப் பறந்து போனது.

மூன்றாவது ஒரு நெசவுக்கார அக்கா வீடு. முன்னறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அடுப்பைக் காட்டிவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சுளகில் அரிசி புடைக்கத் தொடங்கினாள். அம்மா பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். நான் அடுப்படி அலமாரியைப் பார்த்தேன். ஒரு தகர டப்பாவைத் திறந்து நாக்கில் வைத்தேன். சோடா உப்பு!

பெரியம்மா போடுவது சிட்டிகை. நான் அள்ளியது ஒரு கை. காரியம் பெரிசு அல்லவா?

சட்டி நுரைத்துப் பொங்கியது. அடுப்பில் வழிந்து சுர்ரென்றது. சுளகுச் சத்தம் சட்டென்று நின்றது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சுளகு மறுபடியும் தட்ட ஆரம்பித்தது. டப்பாவை மூடி வைத்துவிட்டு உலகத்திலேயே நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள்.

"நல்ல சாதிப் பருப்பு போல, மதினி," என்றாள் அக்கா, திரும்பாமலே. "என்னமாப் பொங்குது!"

அம்மா அகப்பையை விட்டாள். பருப்பா அது? களி. "வெந்துட்டு," என்றாள். "இந்த வீடே இருக்கட்டும்."

மத்தியானம் அந்தப் பருப்பையே சோற்றில் பிசைந்து அக்கா எங்களுக்குப் போட்டாள். அப்பா முகம் கோணியது. "என்ன இது, சவுக்காரம் மாதிரி இருக்கு?"

"புதுத் தண்ணிலா அண்ணாச்சி. நாக்குப் பழகணும்," என்றாள் அக்கா, சிரிக்காமல்.

அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். ஊரையே ஏமாற்றிய ரகசியத்தை மடியில் வைத்துக்கொண்டு பத்து வருஷம் ராணி மாதிரி திரிந்தேன்.

கல்யாணமாகித் திருநெல்வேலிக்குப் போனதும் வீடு பார்க்கத் துணைக்கு அம்மா வந்தாள். முந்தியில் அதே பருப்பு முடிச்சு.

"எம்மா, இங்க எல்லா வீட்டுக்கும் ஒரே கொழாத் தண்ணி. பருப்ப வச்சு என்னத்தப் பாக்கப் போற?"

"தண்ணிய யாரு பாத்தா? பருப்பு வேகுத வரைக்கும் வீட்டுக்காரி பக்கத்துல இருக்கலாம்லா."

நான் நின்றுவிட்டேன். "அப்ப தென்காசியில?"

"மொத ரெண்டு வீட்டுலயும் பூவா வெந்து கெடந்துது. மூணாவதுல நீ உப்ப அள்ளிப் போட்டத நான் கெணத்தடியில நின்னு பாத்தேன். அவளும் திரும்பிப் பாத்தா. பாத்துட்டு, ஒன்ன ஒரு வார்த்த சொல்லல. எங்கிட்டயும் காட்டிக் குடுக்கல. பெறகு வீட்டுல என்ன பாக்கணும்?"

"அதுக்காகவா வீடு எடுத்த?"

"இன்னொருத்தி அடுப்படியில ஆறு மாசம் கெடந்துட்டு வந்தவட்டி நான்," என்றாள் அம்மா.

அந்த ஆறு மாசமும் நான் பெரியப்பா மகளோடு பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஆடினேன்.