காலியாக விட்ட கட்டம்

லிப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். லிப்ட்டின் வயது, கயிற்றின் தேய்மானம், ஓடும்போது உண்டாகும் அதிர்வு, குடியிருப்பவர்கள் கொடுத்த புகார் என்று ஒரு கூட்டத்தையே எதற்கு எது காரணம் என்று தேடும் ரிக்ரஷன் கணக்குக்குள் கொட்டுவாள். லிப்ட் நின்றுபோவதை முன்கூட்டிச் சொல்ல எது உதவும், எது சும்மா கூட வந்து நிற்கிறது என்று சாப்ட்வேர் சலித்துக் கொடுக்கும். மிஞ்சியதை வைத்து ஒவ்வொரு லிப்ட்டுக்கும் ஒரு நிறம் போடுவாள். சிவப்பென்றால் மெக்கானிக் உடனே ஓடவேண்டும். பச்சையென்றால் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை லிப்ட்டுக்கு நல்லது கெட்டது சொல்கிறவள், தான் மட்டும் லிப்ட்டில் காலே வைக்கமாட்டாள். மூச்சு வாங்க வாங்கப் படியேறித்தான் ஆபீசுக்கு வருவாள்.

"நீ போடற பச்சையை நீயே நம்பலேன்னா வேற யாரு நம்புவா?" என்று புருஷன் சீண்டுவார்.

"உடம்பு இளைக்கணும்னு ஏறறேன்" என்று மழுப்புவாள். உடம்பு இளைத்தபாடில்லை.

அவளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவர் அவள் அண்ணன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல், சக்கர நாற்காலியோடு ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் தனியாக இருக்கிறார். தலை நரைத்த தங்கையை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவர் கட்டடத்து லிப்ட்டும் இந்தக் கம்பெனியின் பொறுப்புதான். "கதவு மூடினதும் ஒரு உலுக்கு உலுக்குது பாப்பா" என்று புகார் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனார்.

"புகாரெல்லாம் கணக்குல நிக்கவே இல்லைண்ணா. கம்ப்யூட்டரே தூக்கிப் போட்டுடுச்சு. உன் லிப்ட் பச்சை. கவலைப்படாம போயிட்டு வா."

"நீ சொன்னா சரி" என்றார் அவர். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு நாள் மேனேஜர் வந்து, அதிர்வு அளக்கும் கருவி அடிக்கடி மக்கர் பண்ணுகிறது, அந்த அளவு இல்லாமல் கணக்கு எப்படி வருகிறது என்று பார்க்கச் சொன்னார். அவளும் அதிர்வை நீக்கிவிட்டு ஓட விட்டாள். எப்போதும் முதல் சலிப்பிலேயே உதிர்ந்துபோகும் புகார், எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலிடத்தில் வந்து உட்கார்ந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கேயோ தப்பாகத் தட்டிவிட்டோம் என்று திரும்ப ஓட்டினாள். கணினியை அணைத்துப் போட்டாள். வரிசையை மாற்றிக் கொடுத்தாள். புகார் அசைந்து கொடுக்கவில்லை. அதிர்வைத் திரும்பச் சேர்த்தால் மட்டும் காணாமல் போனது.

அப்போதுதான் அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். அதிர்வு சேர்ந்த கணக்கில் லிப்ட்டுகளின் எண்ணிக்கையே குறைந்திருந்தது. மீதி லிப்ட்டுகள் எங்கே போயின? மெக்கானிக்குகள் அனுப்பிய பதிவைத் திறந்தால், அந்த லிப்ட்டுகளுக்கெல்லாம் அதிர்வு எழுதவேண்டிய கட்டம் காலி.

கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம் ஓடினாள். ஊரே ஸ்பேனர் என்று கூப்பிடும் ஆள் அவர்.

"அதிர்வுக் கட்டம் ஏன் இத்தனை இடத்துல காலியா இருக்கு?"

"நின்னுபோன லிப்ட்டுல ஏது மேடம் அதிர்வு? ஓடினாத்தானே அளக்க முடியும்? பூஜ்யம் போடாதீங்க, அது பொய்யாயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவளேதான். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த லிப்ட்டையே சாப்ட்வேர் சத்தம் போடாமல் கணக்கிலிருந்து விட்டுவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். காலியாக இருப்பதெல்லாம் மெக்கானிக்குகளின் சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள். பரிசோதிக்கப் போனபோது செத்துக் கிடந்த லிப்ட்டுகள் அத்தனையும் கணக்குக்கு வெளியே! நோயாளிகளையெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டு, நன்றாக இருப்பவர்களை உட்காரவைத்து நோய்க்குக் காரணம் தேடியிருக்கிறாள்.

பச்சை எல்லாம் பொய். அண்ணனுக்குப் போட்ட பச்சையும் பொய். அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, எங்கே இருக்கே? லிப்ட்டுல ஏறாதே!"

"ஏறிட்டேனே பாப்பா. நடுவுல நின்னுபோச்சு. விளக்கும் போச்சு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ பதறாதே. இது பச்சை லிப்ட்டுதானே, தானா கிளம்பிடும்னு உக்காந்திருக்கேன்."

ஸ்பேனர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

உச்சி மாடிக்குச் சற்றுக் கீழே, இரண்டு மாடிகளுக்கு நடுவில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் மேலே ஏறிப்போய்க் கையாலேயே அதை இறக்கிக் கதவைப் பிளந்தார். அண்ணன் வேர்வையில் தொப்பலாக நனைந்து, உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். அவள் அவர் முழங்காலில் முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். அங்கே உணர்வில்லாததால், அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

பக்கத்தில் ஸ்பேனர் செல்போனை எடுத்து அன்றைய பரிசோதனையைப் பதிந்துகொண்டிருந்தார். தேதி, கயிறு, கதவு. அதிர்வு என்ற கட்டம் வந்தது. வழக்கம்போலக் காலியாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்.

அவள் எட்டி அவர் கையைப் பிடித்தாள்.

"காலியா விடாதீங்க. உள்ள எங்க அண்ணன் இருந்தாருன்னு எழுதுங்க."