கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாத சேலை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சங்கரன்கோவிலில் ஆடித்தபசு முடிந்து கூட்டமெல்லாம் ஊர் திரும்பிய வாரம் அது. தபசு முடிந்தால் எங்கள் தெருவில் தீபாவளிச் சரக்கு வேலை தொடங்கிவிடும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் விசைத்தறி ஓடுகிறது. நான் தூத்துக்குடியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அந்தத் தறிச் சத்தத்துக்கு மேலே எல்லாரும் கத்திப் பேசுவதால், என்னைத்தான் திட்டுகிறார்களோ என்று இருக்கும்.

படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். சும்மா இருக்கப் பிடிக்காமல், எங்கள் சேலைகளை நேரடியாக விற்க ஒரு வெப்சைட் செய்யலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்பாட்ட சொல்லிட்டியா?" என்றார். "முதல்ல செஞ்சு பாக்கேன், நல்லா வந்தா சொல்லுவோம்" என்றேன்.

வெப்சைட்டை எடுத்த எடுப்பிலேயே உலகத்துக்குத் திறந்துவிட மாட்டார்கள். முதலில் நம்முடைய கம்ப்யூட்டரையே ஒரு சர்வராக நடிக்க வைத்து, அதற்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கான மென்பொருளை இறக்கினேன். முதல் நாள் ஓடவே இல்லை. அது உட்கார வேண்டிய இடத்தில் வேறு ஏதோ ஒரு புரோகிராம் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அது எது என்று தேடிப் பிடித்துக் கிளப்பிவிட்டு, பிரவுசரில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அடித்தேன். பக்கம் வந்துவிட்டது! அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட கவனிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

லோக்கல்ஹோஸ்ட் என்பது ஒரு கம்ப்யூட்டர் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்கிற பெயர். எந்தக் கம்ப்யூட்டரில் அடித்தாலும், எந்தப் போனில் அடித்தாலும், அது தனக்குள்ளேதான் தேடும். இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த கூத்து முழுக்க இதனால்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு படம் வேண்டும். தறியிலிருந்து அப்போதுதான் இறங்கிய சேலையைப் படம் எடுத்துப் போட்டேன். கிளிப்பச்சை உடல், அரக்கு பார்டரில் வரிசையாகப் பிச்சிப்பூ மொட்டு. என் மாமனார் பல நாள் யோசித்துப் போட்ட டிசைன். புது டிசைனை, சரக்கு கடைக்குப் போய்ச் சேருகிறவரை எங்கள் தொழிலில் யாருக்கும் காட்ட மாட்டார்கள். ஒருத்தர் கண்ணில் பட்டால் போதும், அடுத்த தெருவில் அதே மொட்டு மலிவு விலையில் பூத்துவிடும். மாமா அந்தச் சேலையைத் தலையணை உறைக்குள் திணித்து, பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்.

அப்படிப்பட்டவர், நான் துணி காயப்போட மாடிக்குப் போயிருந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பக்கம் வந்திருக்கிறார். திரையில் அவருடைய சேலை. கீழே விலை. அதற்குக் கீழே, வாங்குவதற்கு ஒரு பட்டன். பிரவுசரில் தெரிந்தால் அது உலகம் பூராவும் தெரிகிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் காற்றே மாறிவிட்டது. நான் கூடத்துக்கு வந்தால் அவர் போன் பேச்சு நின்றுவிடும். சாப்பாட்டுத் தட்டை வைத்தால் என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டுவார். நான் சாயங்காலம் பூ வாங்கக் கிளம்பினால், "எங்க போகுது?" என்று மகனிடம் கேட்பார். கம்ப்யூட்டர் முன்னால் நான் போட்டுவிட்டுப் போன நாற்காலி, நான் திரும்பி வரும்போது வேறு பக்கம் பார்த்து நிற்கும். எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர்தான் வெப்சைட் விஷயத்தை முந்திக்கொண்டு போட்டுக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, அவரோடு பேச்சைக் குறைத்தேன். ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாரக் கடைசியில் என் வீட்டுக்காரர் வெளிறிப்போய் உள்ளே வந்தார். வியாபாரிகளின் வாட்ஸப் குழு ஒன்றில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருந்தது. கிளிப்பச்சை, அரக்கு, பிச்சி மொட்டு. 'புது மாடல், யார் சரக்கு?' என்று கீழே ஒரு கேள்வி. யாரோ கம்ப்யூட்டர் திரையைச் சாய்வாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

மாமா அந்தப் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னைத்தான் பார்த்தார்.

"நெட்ல போட்டா ஊர் பூரா வராம என்ன செய்யும்? நான் பாத்தேம்மா. நான் பாத்தது தெரிஞ்சதும் எடுத்துட்ட. மேல இருந்த பேர எழுத்து எழுத்தா பாத்து என் போன்ல அடிக்கேன், வரமாட்டேங்கு. எதுக்கு ஒளிச்ச? யாருக்குக் காட்டுததுக்கு?"

யாருக்குக் காட்டுவதற்கு என்று கேட்டாரே, அதுதான் என்னைச் சுட்டது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அன்றைக்கு நான் நம்பவைக்காவிட்டால், அந்த வீட்டில் இனிமேல் என்ன காணாமல் போனாலும் பார்வை முதலில் என் பக்கம்தான் திரும்பும் என்று தெரிந்தது.

"மாமா, இது நெட்லயே இல்ல. இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான் இருக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

என் வீட்டுக்காரரிடம், நெட் வருகிற ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். "ஏலே, நல்லாப் புடுங்கு" என்று மாமா மேற்பார்வை பார்த்தார். தன் போனிலும் வீட்டு நெட் போய்விட்டதா என்று சரிபார்த்தார். கம்ப்யூட்டரில் செய்தித்தளம் ஒன்றைத் திறந்து காட்டினேன், வரவில்லை. அப்புறம் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தேன். சேலை வந்து நின்றது. மறுபடியும் அடித்தேன். மறுபடியும் வந்தது. அவர் போனில் ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன். அது அவருடைய போனுக்குள்ளேயே சேலையைத் தேடிவிட்டு, இல்லை என்று கைவிரித்திருக்கிறது.

மாமா பிடுங்கிய ஒயரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப வெளிய போனது எப்படி?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். என் வீட்டுக்காரரின் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினேன். மேலே லோக்கல்ஹோஸ்ட் என்ற எழுத்து. அப்படியானால் இது எங்கள் கூடத்தில், இந்தக் கம்ப்யூட்டரில் எடுத்த படம். சட்டென்று என் வீட்டுக்காரரைத்தான் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு படத்தின் ஓரத்தைப் பார்த்தேன். திரையின் கறுப்பு விளிம்பில், போனைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆளின் பிம்பம் தெரிந்தது. நெற்றி நிறைய விபூதி, மூக்குக் கண்ணாடி, தோளில் துண்டு.

மாமா கையில் வசமாகச் சிக்கியிருந்தார். நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது போல. போனைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு கணம்தான்.

"நாந்தாம்மா அனுப்புனேன்" என்றார், மகன் முன்னாலேயே. "புளியங்குடி வியாபாரிக்கு. நெட்ல வந்துருக்கான்னு தேடிப் பாருன்னு அனுப்புனேன். ஒருத்தருக்கும் காட்டாதேன்னு சொல்லித்தான் அனுப்புனேன்."

கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருந்த சேலையை, அது வெளியே போய்விட்டதா என்று பார்க்கப்போய், அவரே வெளியே அனுப்பிவிட்டிருந்தார். அந்தச் சமயம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுபிள்ளை போல நின்ற அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பிறகு அவரே கேட்டார். "இத நெசமாவே வெளிய விட எவ்வளவு நேரம் ஆகும்?"

"இன்னைக்குள்ள விட்டுரலாம் மாமா."

"விடும்மா. மத்தவன் போடுததுக்கு முந்தி நம்ம பேரோட இருக்கட்டும்."

பீரோவைத் திறந்து, தலையணை உறையிலிருந்து சேலையை எடுத்து வந்தார். வெளிச்சத்தில் நல்ல படமாக எடு என்று சொல்லி, முற்றத்துச் சுவரோரம் நின்று இரண்டு கையாலும் முந்தியை விரித்துப் பிடித்துக்கொண்டார். கை வலித்திருக்கும். இறக்கவே இல்லை.

அந்தத் தீபாவளிக்குப் பிச்சி மொட்டு வேறு தறிகளிலும் வரத்தான் செய்தது. வராமல் இருக்குமா? ஆனால் முதலில் பார்த்தது உங்கள் வெப்சைட்டில்தான் என்று எங்களைத் தேடி வந்து கேட்டவர்களும் இருந்தார்கள்.

என் வீட்டுக்காரரை வீணாகச் சந்தேகப்பட்டதற்கு நான் கேட்ட மன்னிப்பை அவர் இன்னும் அவ்வப்போது வசூலித்துக்கொண்டிருக்கிறார். மாமா மட்டும் மாறவில்லை. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் போதும், பின்னால் வந்து நிற்பார். "ஏம்மா, இது உள்ள இருக்கா, வெளிய இருக்கா?" என்பார். "உள்ளதான் மாமா" என்றால் போய்விடுவார். அவருடைய சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு புளியங்குடிக்குப் போகாமல் நேராக என்னிடமே வருகிறாரே, ஒரு மருமகளுக்குப் புகுந்த வீட்டில் இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.