நான் குறுக்கிய தொப்பி

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் இருபது வருடம் தையல் ஆலையில் வேலை செய்தவள் நான். துணியைத் தொட்டாலே பிழை தெரியும். இப்போது முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் கிரீன்லாந்துக்காரி, பொம்மை சேகரிப்பவர்களுக்காகத் தன் இனுயிட் இனத்து உடையணிந்த பொம்மைகளைக் கையால் செய்பவள். ஒரு பெண் பொம்மையின் மேலங்கியைத் தைக்கச்சொல்லி, கடல்நாய்த் தோலை வெட்டித் தந்தாள்.

மேலங்கியின் முதுகும் அதோடு சேர்ந்த தொப்பியும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தன. வெட்டும்போது பிழைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"அந்த மனிசி தந்தபடியே தையுமன்," என்றார் கணவர்.

"உங்களுக்குத் தையலிலை என்ன தெரியும்?" என்றேன்.

இரண்டையும் குறுக்கித் தைத்து, மறுநாள் பொம்மைக்கு உடுத்திப் பெருமையோடு அவளிடம் நீட்டினேன். அவள் பையிலிருந்து பெருவிரலளவு குழந்தைப் பொம்மையை எடுத்து, தொப்பி வழியாக முதுகுப்பக்கம் இறக்கிப் பார்த்தாள். அது இறங்கவில்லை.

"எங்கள் தாய்மார் பிள்ளையைச் சுமப்பது இதற்குள்தான்," என்று டேனிஷில் மெதுவாகச் சொன்னாள்.

வெட்டிய துண்டுகளைத் தேடியெடுத்து, அன்றே ஒட்டுப்போட்டேன். இப்போது குழந்தைப் பொம்மை உள்ளே அடங்கியது. ஒட்டுத் தெரிந்ததால், அவள் பொம்மையை விற்காமல் எனக்கே தந்துவிட்டாள்.

வீட்டுக்கு வருபவர்கள் தையலைப் புகழும்போது, பொம்மையைத் திருப்பி அந்த ஒட்டைக் காட்டுவேன். அதுவும் நல்ல தையல்தான். வெட்டுமுன் கேட்டிருந்தால் அது தேவைப்பட்டிருக்காது.